நீர்த்தெள்ளு வளர்த்த அமலா

அமலா அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு கண்ணாடிக் குவளையோடு பேசிக்கொண்டிருந்தார். "என்ன, பசியா? இருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு, பச்சைப் பாசி கலந்த தண்ணீரை அதில் சொட்டுச் சொட்டாக விட்டார். பிறகு அடுத்த குவளை. நான் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டார். "புது ஆளா? உள்ள வாங்க. கதவ மெதுவா மூடுங்க, அதிர்வு ஆகாது இதுங்களுக்கு."

நாங்கள் வாழும் தீவு நகரத்தின் மேற்குப் பக்கம் இருக்கும் ஒரு சிறிய பரிசோதனை நிறுவனம் எங்களுடையது. சாயம், சோப்பு, பூச்சிமருந்து என்று யார் புதிதாக எதைச் செய்தாலும், அது மழைநீரோடு கால்வாய்க்குப் போனால் அங்கிருக்கும் உயிர்களுக்கு என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. நான் தண்ணீரில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளப்பவள். அமலா அக்கா அடுத்த அறையில் நீர்த்தெள்ளு வளர்ப்பவர்.

நீர்த்தெள்ளை நீங்கள் பார்த்திருக்கலாம், மீன் கடைகளில் குஞ்சு மீனுக்குத் தீனியாக விற்பார்கள். பிறக்கும்போது கசகசா அளவு. வளர்ந்தால் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. உடம்பு கண்ணாடி மாதிரி. கறுப்பாக ஒரே ஒரு கண். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முதுகுப் பக்கம் இதயம் துடிப்பதும், அதற்குக் கீழே பையில் முட்டைகள் இருப்பதும் தெரியும். சாப்பாடும் இடமும் தாராளமாக இருக்கும்வரை எல்லாமே பெண்கள்தான். ஆண் துணையில்லாமல் பெண் பெண்ணையே பெற்றுக்கொண்டிருக்கும்.

ஒரு மருந்து தண்ணீரில் நிறையக் கலந்தால் இவை உடனே செத்துவிடும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போதும். கொஞ்சமாக, ஆனால் விடாமல் கலந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் சிரமமான கேள்வி. தாய் நீந்தும், தின்னும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குஞ்சுகள் குறைந்துகொண்டே வரும். அதைத் தெரிந்துகொள்ள மூன்று வாரம் தேவை. குவளைக்கு ஒரு தாய் என்று வைத்து, நாள் தவறாமல் பாசி கொடுத்து, பிறக்கிற குஞ்சுகளை எண்ணி எடுத்து, தண்ணீர் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று நீர்த்தெள்ளுக்குத் தெரியாது. தீபாவளி என்றும் தெரியாது.

எண்ணி முடித்த குஞ்சுகளைத் திரும்ப வளர்க்க முடியாது. அவற்றைக் கொட்டும்போது அமலா அக்காவின் உதடு அசையும். என்ன சொல்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணுமில்ல. போயிட்டு வாங்கடின்னு சொல்லுவேன்" என்றார்.

அவருடைய கணவர் ஞானசேகரன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். எங்களுக்கெல்லாம் சேகர் அண்ணன். அவருக்கு சனி ஞாயிறு விடுமுறை, பொது விடுமுறை எல்லாம் உண்டு. அக்காவுக்கு இல்லை. பரிசோதனை நடக்கும் வாரங்களில் ஞாயிறு காலை சுவா சூ காங்கில் இருக்கும் வீட்டிலிருந்து தன் பேருந்திலேயே அவரை அழைத்துவந்து விட்டுவிட்டு, கீழே கார் நிறுத்துமிடத்தில் காத்திருப்பார். மகள் வர்ஷா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பின் இருக்கையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாளாம். மேலே வரப் பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. "அம்மாவோட குட்டிங்களுக்கு நாளெல்லாம் அம்மா, எனக்கு மட்டும் அம்மா லீவு" என்று ஒருமுறை சொன்னாளாம். இதை என்னிடம் சொன்னபோது அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ரஃபீக் எங்கள் நிறுவனத்தில் சேர்ந்தது அதற்குப் பிறகு. கம்ப்யூட்டர் படித்தவர், அக்காவைவிடப் பத்துப் பதினைந்து வயது சிறியவர். வந்த வாரமே அக்காவின் அறைக்கு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, உங்க பழைய ரிசல்ட் எல்லாம் எனக்கு வேணும்."

"எதுக்குத் தம்பி?"

"ஒரு மாடல் பண்றோம். ஒரு மருந்தோட மூலக்கூறு எவ்வளவு பெருசு, எண்ணெயோட ஒட்டுமா தண்ணியோட ஒட்டுமா, எந்தப் பக்கம் என்ன தொங்குதுன்னு எல்லாத்தையும் நம்பரா மாத்திக் கம்ப்யூட்டர்ல போடுவோம். கூடவே அந்த மருந்து உங்க பூச்சிய என்ன பண்ணிச்சுன்னும் போடுவோம். நூத்துக்கணக்குல பாத்ததும் அது ஒரு கணக்குப் புடிச்சுக்கும். அப்புறம் புது மருந்து வந்தா, டெஸ்ட் பண்ணாமலே எந்த அளவுல கெடுதல் ஆரம்பிக்கும்னு சொல்லிடும்."

அக்கா குஞ்சுகளை உறிஞ்சி எடுக்கிற பிப்பெட் குழாயைக் கீழே வைத்தார். "அப்ப இதுங்க சாக வேணாமா?"

"எல்லாத்துக்கும் இல்லக்கா. ஆனா நெறைய மிச்சமாகும்."

"என்னையும் சேத்துக்குங்க" என்றார் அக்கா. தன் வேலையே போய்விடுமோ என்று அவர் கேட்பார் என ரஃபீக் எதிர்பார்த்திருந்தார். அக்கா அதைக் கேட்கவே இல்லை.

நாற்பதைத் தாண்டியவர் மாலை வகுப்புக்குப் போய்ப் புள்ளியியல் படித்தார். எளிதாக வரவில்லை. மதிய உணவு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இனியா, இந்த லாகரிதம் ஏன் எடுக்கறாங்க, நேரா போட்டா என்னவாம்?" என்று தயிர்சாதத்தோடு சண்டை போடுவார். பழைய பரிசோதனைகளில் நம்பத்தக்கவை எவை என்று பிரித்துக் கொடுப்பது அவர் பொறுப்பானது. மருந்து கலக்காத குவளையிலேயே தாய்கள் செத்திருந்தால் அந்தப் பரிசோதனையைத் தள்ளிவிட வேண்டும். அதைச் சரியாகத்தான் செய்தார். ஆனால் சில வாரம் கழித்து ரஃபீக் அவரைத் தனியாக அழைத்தார்.

"அக்கா, இந்த நாலு டெஸ்ட்ட ஏன் எடுத்துட்டீங்க? எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு?"

அக்கா அந்தப் பட்டியலைப் பார்த்தார். அந்த நான்கிலும் பாதிப்பு மிகவும் மோசம். "பாக்க முடியல தம்பி. அந்த வாரமெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு."

"புரியுதுக்கா. ஆனா செத்தத எடுத்துட்டா கம்ப்யூட்டர் உலகத்துல எல்லாமே சேஃப்னு நெனச்சுக்கும்."

அன்றே அவற்றைத் திரும்பச் சேர்த்தார். அதற்குப் பிறகு அவர் அப்படி எதையும் மறைக்கவில்லை.

மாடல் தயாரானதும் அதைச் சோதித்தார்கள். விடை தெரிந்த சில மருந்துகளை அதற்குக் காட்டாமல் எடுத்து வைத்திருந்தார்கள். அவற்றைக் கொடுத்துக் கேட்டபோது பெரும்பாலும் உண்மைக்கு அருகில் சொன்னது. மெல்ல மெல்லப் பல வேலைகளுக்கு அந்த மாடலே போதும் என்றானது. அக்காவின் அறையில் குவளை வைக்கும் தட்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, கடைசியில் ஒரே ஒரு தட்டில் மட்டும் நீர்த்தெள்ளுகள் மிஞ்சின. அந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு அக்காவும் சேகர் அண்ணனும் தேக்கா கடைத்தெருவில் கூட்டத்தில் இடிபட்டுப் புடவை எடுத்தார்கள். "ஞாயித்துக்கிழமைல தேக்கா இப்படியா இருக்கும்!" என்று திங்களன்று வந்து ஆச்சரியப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வருடத்துக் கதை.

வர்ஷா அப்போது தாதியாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. வெளிநாட்டில், பெர்த் நகரில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்து, ஜனவரியில் கிளம்ப இருந்தாள். போவதற்கு முன் மூவரும் சேர்ந்து தீபாவளிக்குப் பினாங்கு போவதென்று முடிவாகியது. தங்குமிடம் எடுத்தாகிவிட்டது. "இந்தத் தடவ நான் ஓட்ட மாட்டேன், உக்காந்து வேடிக்கை பாக்கப் போறேன்" என்று சேகர் அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஒரு புது மருந்து வந்தது. கூரை ஓரத்தில் இருக்கும் மழைநீர்க் கால்வாயில் தூவுவதற்கு. கொசுவைக் கொல்லாது. ஆனால் கொசுப்புழுவைக் கொசுவாக வளரவிடாது. செய்த நிறுவனம் அவசரத்தில் இருந்தது. மாடலில் போட்டோம். பச்சை விளக்கு. கெடுதல் ஆரம்பிக்கும் அளவு ரொம்ப மேலே இருப்பதாகவும், இந்த மூலக்கூறு தனக்குப் பழக்கமான வகைதான் என்றும் அது சொன்னது. பச்சை வந்தால் உயிர்ப் பரிசோதனை தேவையில்லை என்பது எங்கள் விதி.

அக்கா அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பவில்லை. எதை எதை வைத்து மாடல் பழக்கம் என்று சொல்கிறது என்று திறந்து பார்த்தார். சாய வகைகள், சோப்பு வகைகள். உருவத்தில் இந்த மருந்துக்கு உறவுதான். ஆனால் அவற்றில் ஒன்றுகூடப் பூச்சியின் வளர்ச்சியைத் தடுக்கிற வேலை செய்வதில்லை. அந்தத் தரவுகளைக் கோத்துக் கொடுத்தவரே அவர், அதனால் எது அதில் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். நீர்த்தெள்ளும் கொசுவைப் போலச் சட்டை உரித்து உரித்து வளர்வதுதான். கொசுப்புழுவின் வளர்ச்சியைக் கலைக்கிற மருந்து அதை விட்டுவிடுமா?

பேசாமல் இருந்திருக்கலாம். விதிப்படி எல்லாம் சரிதான், யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றிரவு தூக்கமே வரவில்லை என்று பிறகு சொன்னார்.

மறுநாள் காலை ரஃபீக்கின் மேசைக்குப் போனார். நானும் அங்கே இருந்தேன்.

"தம்பி, நேத்து வந்த பச்சை... எனக்கு நம்பிக்கை வரல."

ரஃபீக் நாற்காலியைத் திருப்பினார். "கொசுவோட ஹார்மோன் மாதிரி வேல செய்யுற மருந்து. நம்ம மாடல் அந்த மாதிரி எதையும் பாத்ததே இல்ல. அதானே?"

"உங்களுக்கும் தோணிச்சா?"

"தோணிச்சுக்கா. காலைல வந்து உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சுகிட்டு இருந்தேன். டெஸ்ட் போட்டா தீபாவளி போயிடும். நீங்க பினாங்கு டிக்கெட் எடுத்துட்டீங்கல்ல?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெரிய சந்தோஷச் சிரிப்பு இல்லை.

வேறு வழி தேடாமல் இல்லை. மூன்று வாரமும் பாசி கொடுக்கும் வேலையில் பாதியை ரஃபீக் எடுத்துக்கொண்டார். ஆனால் குஞ்சுகளை நசுங்காமல் எடுத்து எண்ணுவதற்குப் பழகிய கை வேண்டும். ரஃபீக் முயன்று பார்த்தார். முதல் குஞ்சே பிப்பெட்டுக்குள் நசுங்கிவிட்டது. "என்கிட்ட குடுத்தா இது டெஸ்ட்டா இருக்காது, நான் பண்ண கொலையா ஆயிடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கணக்கு போட்டுப் பார்த்தால் எண்ணவேண்டிய நாள் ஒன்று சரியாகத் தீபாவளியன்று விழுந்தது. வாடிக்கையாளரோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட ஒப்பவில்லை.

வீட்டில் சொன்னதை அக்கா என்னிடம் விவரமாகச் சொன்னார். சமையலறையில் வர்ஷா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாளாம்.

"அம்மா, சீரியஸாவா? மறுபடியுமா?"

"இந்த ஒரு தடவதான் கண்ணு."

"நான் சின்னப் புள்ளைல இருந்து இதத்தான் கேக்கறேன். இப்பதான் கம்ப்யூட்டர் பாத்துக்குதுன்னு சொன்னீங்க. இட்ஸ் மை லாஸ்ட் தீபாவளி ஹியர், மா."

"கம்ப்யூட்டர் தனக்குத் தெரியாததத் தெரியும்னு சொல்லுது. அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறம் எப்படி கண்ணு பினாங்குல போய் உக்காருவேன்?"

வர்ஷா துணியை மேசைமேல் போட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டாள். சேகர் அண்ணன் மிச்சப் பாத்திரத்தைத் துடைத்தாராம். கடைசிப் பாத்திரத்தை வைத்தபிறகு, "ஹோட்டல்காரன்ட்ட தேதிய மாத்தச் சொல்லிப் பாக்கறேன் லா. டிசம்பர் ஸ்கூல் லீவுல போலாம்" என்றார்.

"கோவம் இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. ஆனா உன்ன இழுத்துட்டுப் போயிருந்தா, பாதி வழியில நீயே பஸ்ஸ நிறுத்தச் சொல்லுவ."

தீபாவளியன்று காலை நான் எட்டு மணிவாக்கில் அலுவலகம் வந்தேன். எனக்கும் அன்று தண்ணீர் அளக்கும் வேலை இருந்தது. தலைக்குக் குளித்த ஈரம் காயாமல், புதுப் புடவைமேல் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அக்கா குவளைகள் முன்னால் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. சேகர் அண்ணன் ஒரு தூக்குச்சட்டியோடும், வர்ஷா ஒரு பலகார டப்பாவோடும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ரஃபீக். முன்கூட்டியே மேலதிகாரியிடம் பேசி, பார்வையாளர் அட்டை வாங்கி வைத்திருந்திருக்கிறார். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை.

"தீபாவளி வாழ்த்துக்கா" என்றார் ரஃபீக். "சாப்பாட்ட மட்டும் வெளில வச்சுருங்க, ப்ளீஸ். லேப்ல முறுக்கு நாட் அலவ்ட்."

வர்ஷா உள்ளே வந்து, அந்தச் சின்ன அறையைச் சுற்றிப் பார்த்தாள். வளர்ந்த பெண், அன்றுதான் முதன்முறையாக அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கிறாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். இங்க வா" என்று அக்கா எழுந்து இடம் விட்டார். ஒரு தாய் நீர்த்தெள்ளை ஒரு துளித் தண்ணீரோடு கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பைத் திருகிக் கொடுத்தார். வர்ஷா குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"அம்மா, இது ஹார்ட்டா?"

"ஆமா."

"இவ்வளவு வேகமா? என்னால எண்ணவே முடியல." நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பழகிய அவள் விரல் மேசையில் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. "வயித்துல பேபிஸ் இருக்கு. கண்ணுகூடத் தெரியுது!"

"அது முதுகு."

"முதுகுலயா தூக்கிட்டுப் போகுது?"

"பொறக்கறவரைக்கும்."

வர்ஷா நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "இத ஏன் எனக்கு முன்னாடியே காட்டல?" என்றாள். அக்கா மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். அவளுக்கு வலிக்காமல், குஞ்சுகளை எடுக்கிற அதே பக்குவத்தில். பிறகு வர்ஷா கை கழுவி, உறை மாட்டிக்கொண்டு, அம்மா எண்ணிச் சொல்லும் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறித்துக் கொடுத்தாள். மதியம் எல்லோரும் கீழே பேருந்துக்குள் உட்கார்ந்து இடியாப்பமும் கோழிக்குழம்பும் சாப்பிட்டோம். ரஃபீக் வீட்டிலிருந்து வந்த பிரியாணியும் இருந்தது. குழந்தைகள் உட்காரும் குட்டை இருக்கைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து தின்ற அந்தச் சாப்பாட்டின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

மூன்றாவது வாரம் விஷயம் வெளிப்பட்டது. மருந்து கலந்த குவளைகளில் தாய்கள் ஒன்றும் சாகவில்லை. ஆனால் குஞ்சுகள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன. இருந்த குஞ்சுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்த அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"இனியா, இந்த மூஞ்சியப் பாரு. முன்னால நீட்டிக்கிட்டு இருக்குல்ல? இது ஆம்பளப் புள்ள."

பட்டினியோ நெரிசலோ வந்தால்தான் நீர்த்தெள்ளு ஆண் குஞ்சு போடும். இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மருந்துதான் அந்தச் சின்ன உடம்பை ஏமாற்றியிருக்கிறது. ஒரு குட்டையில் இப்படியே தொடர்ந்தால் பெறுவதற்குத் தாய்களே இல்லாமல் போவார்கள். மாடல் சொன்ன அளவுக்கு எவ்வளவோ கீழேயே கெடுதல் ஆரம்பித்திருந்தது.

மருந்து செய்த நிறுவனம் முதலில் எரிந்து விழுந்தது. பிறகு அவர்களே திரும்ப வந்து, திறந்த கால்வாயில் தூவும் யோசனையைக் கைவிட்டு, தண்ணீர் வெளியேறாத மூடிய தொட்டிகளுக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். மாடலையும் ரஃபீக்கும் அக்காவும் உட்கார்ந்து திருத்தினார்கள். மூலக்கூறின் உருவத்தோடு அது உடம்புக்குள் என்ன வேலை செய்யும் என்பதையும் இப்போது அது கேட்கிறது. தான் பார்த்திராத வேலையாக இருந்தால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுகிறது. இந்தப் பரிசோதனையில் கிடைத்த விடை, இதே வகையில் பிறகு வந்த சில மருந்துகளைக் கணிக்க உதவியது. அவற்றுக்காக எந்தக் குவளையும் நிரப்ப வேண்டியிருக்கவில்லை. அக்காவுக்கு அதில்தான் ஆறுதல்.

டிசம்பரில் பினாங்கு போய்வந்தார்கள். சேகர் அண்ணன் வழியெல்லாம் பஸ் ஓட்டிய டிரைவருக்கு யோசனை சொல்லிக்கொண்டே போனாராம்.

ஜனவரியில் வர்ஷாவை வழியனுப்ப நானும் விமான நிலையம் போயிருந்தேன். அழப்போவது அக்கா என்று நினைத்துக் கைக்குட்டை எடுத்துப் போனேன். அழுதது சேகர் அண்ணன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வர்ஷா மறைந்தபிறகும் அவர் அங்கேயே நின்றார். அக்கா அவர் கையைப் பிடித்து, "வாங்க, பசிக்குது" என்று இழுத்துவந்தார்.

தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அக்கா மூன்று தோசைக்குச் சொன்னார். தனக்கு வேண்டாம் என்ற சேகர் அண்ணனின் தட்டில் ஒன்றைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து வைத்தார். அவர் அதைத் தின்னும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று, "ஐயோ, ஜன்னல் சீட்டான்னு அவகிட்ட கேக்கவே இல்லையே" என்றார்.

"ஜன்னல் சீட்டுதான்" என்றார் சேகர் அண்ணன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நான் கேட்டுட்டேன். நீ சாப்பிடு."